வெயிலும் தொப்பியும்

நமது பள்ளிக்கூடத்துச் சித்திர ஆசிரியருடைய வலது காதுக்கு மேல் விளிம்பு கிடையாது. தேர்ந்த தையற்காரர் ஒருவர் கத்தரிக்கோலால் வளைவாக வெட்டி எடுத்தது போல் அந்த இடம் இருக்கும். ஆனால் வெட்டியவர் தையற்காரர் அல்ல. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் அறுவை வைத்தியர். வெட்டியதற்குக் காரணம் தோலில் உண்டாகும் புற்றுநோய். அந்தப் புற்றுநோய்க்குக் காரணமோ, காலையில் எழுந்ததும் நாம் கிழக்கு நோக்கிக் கை கூப்புகிறோமே, அந்தச் சூரிய பகவான்தான்!

"வெயிலால் புற்றுநோயா? அதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வரும் வியாதி அல்லவா?" என்று வாசகர்கள் கேட்கலாம். முக்கால் பங்கு நியாயமான கேள்விதான். நம்மில் பெரும்பாலோருடைய தோலில் மெலனின் என்னும் கறுப்பு நிறப் பொருள் தாராளமாக இருக்கிறது. மாப்பிள்ளை பார்க்கும்போதும் பெண் பார்க்கும்போதும் நாம் எதைக் குறை என்று சொல்கிறோமோ, அதுவே இயற்கை நமக்கு இலவசமாக அளித்திருக்கும் குடை. ஆனால் நமது சித்திர ஆசிரியர் அந்தக் குடை இல்லாமலே பிறந்தவர். அவருடைய தாய் தந்தையர் நம்மைப் போன்ற மாநிறத்தவர். இரண்டு சகோதரர்களும் நல்ல கறுப்பு. இவர் ஒருவர் மட்டும் சோளக் கதிரின் நார் போன்ற தலைமயிருடனும், வெளிச்சத்தைக் கண்டால் கூசும் கண்களுடனும் பிறந்தார். இதற்கு வைத்தியர்கள் அல்பினிஸம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பையன்கள் வைத்திருக்கும் பெயர் 'துரை'. அந்தப் பெயரை அவர் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டு முப்பது வருஷம் ஆகிறது.

அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை ஒன்றே ஒன்று. சனி ஞாயிறுகளில் சித்திரப் பலகையையும் மூன்றுகால் தாங்கியையும் தூக்கிக்கொண்டு காவிரிக் கரைக்குப் போய்விடுவார். படித்துறையில் துணி துவைப்பவர்கள், அரச மரத்தடிப் பிள்ளையார், அக்கரையில் மேயும் எருமைகள், எல்லாம் நீர்வர்ணத்தில் அப்படியே வந்து உட்காரும். காதில் ஒரு சிறு புண் வந்தது. மஞ்சள் தடவினார், வேப்பெண்ணெய் தடவினார். ஆறு மாதம் ஆறாமல் இருந்த பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார். காதின் விளிம்பு போயிற்று, உயிர் பிழைத்தது. வீட்டுக்கு அனுப்பும்போது அங்கே சொன்ன புத்திமதி ஒரே வரி: "இனிமேல் வெயிலில் போகாதீர்கள்."

அவர் போகவில்லை. மூன்றுகால் தாங்கி பரண் மேல் ஏறியது. ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, "ஜன்னலுக்கு வெளியே இருக்கிற தென்னை மரத்தை இதோடு முப்பத்தேழு தடவை வரைந்துவிட்டேன், சார். இனிமேல் அதற்கும் என்னைப் பார்த்து அலுப்பு, எனக்கும் அதைப் பார்த்து அலுப்பு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த மனநிலையுடன்தான் சென்ற கோடை விடுமுறையில் நாம் ஆஸ்திரேலியாவிலுள்ள பிரிஸ்பேன் நகருக்குச் சென்றோம். நம்முடைய அக்காவும் அவள் கணவரும் அங்கே குடியேறிப் பதினைந்து வருஷம் ஆகிறது. போன காரியம் அக்காவின் கைச்சமையலைச் சாப்பிடுவதுதான். ஆனால் உலகத்திலேயே தோல் புற்றுநோய் அதிகமாகக் காணும் தேசங்களில் அது முதல் வரிசையில் நிற்பது என்பதும், அங்கே எழுபது வயதாவதற்குள் மூன்று பேரில் இருவருக்கு ஏதோ ஒரு வகைத் தோல் புற்று வந்துவிடுகிறது என்பதும், இந்த நோயுடன் எப்படி வாழ்வது என்பதை அந்த ஜனங்கள் ஒரு கலையாகவே பயின்றிருக்கிறார்கள் என்பதும் அங்கே போன பின்னரே தெரிந்தன.

காரணம் ஊகிக்கக் கூடியதே. மேகம் மூடிய இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் ஏற்ற தோலைப் போர்த்திக்கொண்டு வந்தவர்கள், சூரியன் தலைக்கு மேல் நின்று காயும் நாட்டில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கடற்கரையில் படுத்தார்கள். வெயில் வட்டியும் முதலுமாக வசூல் செய்துகொண்டது. அந்த நாட்டின் பூர்வ குடிகள் கரிய தோலுடன் பல்லாயிரம் வருஷங்களாக அதே வெயிலில் வாழ்ந்து வந்தார்கள் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்காவின் அடுத்த வீட்டுப் பெரியவருக்கு வயது எழுபத்திரண்டு. ரெயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் காலை ஆறரை மணிக்கு அவரைப் பார்த்தபோது, கொள்ளைக்காரரோ என்று ஒரு கணம் எண்ணிவிட்டோம். கழுத்தையும் காதையும் மறைத்துத் தொங்கும் துணி வைத்த தொப்பி, மணிக்கட்டு வரை நீண்ட சட்டை, விரல் நுனிகள் மட்டும் தெரியும் கையுறை, கறுப்புக் கண்ணாடி, மூக்கின் மேல் வெள்ளையாக ஒரு பூச்சு. கையில் தூண்டில் கழி! மோர்ட்டன் வளைகுடாவின் மரப்பாலத்தில் மீன் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி அப்படிப் பார்க்கிறாய்? அவருக்கு முதுகில் மெலனோமா வந்து எடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னே மூக்கில் ஒன்று. ஒரு வருஷம் முழுக்கத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார், பாவம். இப்போதுதான் மனிதராக நடமாடுகிறார்" என்றாள் அக்கா.

நமக்குக் காவிரிக் கரையும் பரண் மேல் கிடக்கும் தாங்கியும் நினைவுக்கு வந்தன. அன்று மாலையே அவரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தோம். நல்ல மனிதர். தம் நோயைப் பற்றிப் பேச அவருக்குச் சங்கோசமே இல்லை; அந்த ஊரில் ஒருவருக்கும் இல்லை போலிருக்கிறது. தெருமுனையில் இரண்டு பேர் சந்தித்தால், நம் ஊரில் மழை பெய்ததா என்று கேட்பது போல், அவர்கள் தோல் பரிசோதனையைப் பற்றி விசாரித்துக்கொள்கிறார்கள்.

அவர் சொன்னதன் சாரம் இது. தோல் புற்றில் முக்கியமானவை மூன்று. பேசல் செல் என்னும் வகை மெதுவாக வளர்வது. அந்த இடத்தை அரித்துத் தின்னுமே தவிரப் பெரும்பாலும் வேறிடம் போவதில்லை. ஸ்குவாமஸ் செல் என்னும் வகை சற்றுக் கெட்டது. கவனியாமல் விட்டால் பரவக்கூடும். நமது சித்திர ஆசிரியருக்கு வந்தது இதுவே. மூன்றாவது மெலனோமா. நிறப்பொருளை உண்டாக்கும் அணுக்களிலேயே பிறக்கும் துரோகி அது. ஆரம்பத்தில் பிடித்து வெட்டி எறிந்தால் பூரண குணம். தாமதித்தால் நுரையீரலுக்கும் மூளைக்கும் போய்விடும். பெரியவருடைய மனைவி அவர் குளித்துவிட்டு வரும்போது முதுகில் ஒரு கறுப்பு மச்சம் கோணலாக வளர்ந்திருப்பதைக் கண்டு, அன்றைக்கே வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனாளாம். "என் முதுகை நான் எப்போது பார்த்தேன்? நாற்பத்தைந்து வருஷமாக அவள்தான் பார்த்து வருகிறாள்" என்றார் கிழவர்.

ஒரு முறை தோல் புற்று வந்தவருக்கு இரண்டாவது முறை வரும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். ஏனென்றால் காதில் பட்ட வெயில் கன்னத்திலும் கழுத்திலும் பட்டே இருக்கிறது. புற ஊதாக் கிரணங்கள் தோலின் உயிரணுவுக்குள் புகுந்து அதன் மரபுப் பொருளைச் சிதைக்கின்றன. உடம்பு அதைப் பழுது பார்க்கிறது. ஆயிரம் பழுது பார்த்தால் ஒன்றிரண்டு தப்பி நிற்கும். அப்படித் தப்பியவை வருஷக் கணக்கில் சேர்ந்து ஒரு நாள் புற்றாக வெடிக்கின்றன. இளமையில் பட்டதை இனி மாற்ற முடியாது. இன்றைக்குப் படுவதைத் தடுக்கலாம். அது கணக்கில் சேராமல் போகும். பெரியவருடைய வைத்தியர் இதைச் சொல்லிவிட்டு, "உங்களை வெயிலிலிருந்து விலகச் சொன்னேனே தவிர, கடலிலிருந்து விலகச் சொன்னேனா?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வியே அவரை மறுபடி வெளியே கொண்டு வந்தது.

வெயிலிலிருந்து விலகிக் கடலுக்குப் போவது எப்படி? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. நாம் வெயிலைச் சூட்டினால் அளக்கிறோம். உடம்பு எரிந்தால் கடும் வெயில், எரியாவிட்டால் இதமான வெயில் என்று நினைக்கிறோம். இது தவறு. சூட்டைத் தருவது ஒரு வகைக் கிரணம். தோலைக் கெடுப்பது வேறு வகை. நாம் பிரிஸ்பேனுக்குப் போன சமயம் அங்கே இலையுதிர் காலம். காற்று சிலுசிலுவென்று வீசிற்று. நாம் தலையில் ஒன்றுமில்லாமல் பதினோரு மணிக்குத் தோட்டத்தில் உலாவினோம். பெரியவர் வேலிக்கு அப்பாலிருந்து தம் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினார். அதில் 5 என்று ஓர் எண் இருந்தது.

அந்த எண்ணுக்குப் புற ஊதாக் குறியெண் என்று பெயர். 1992-ஆம் வருஷம் கனடா தேசத்தார் முதன்முதல் ஏற்படுத்தியது. பிறகு உலகச் சுகாதார ஸ்தாபனம் எல்லாத் தேசங்களுக்கும் பொதுவாக்கியது. 1, 2 என்றால் அபாயம் குறைவு. 3-ஐத் தொட்டதும் தற்காப்புத் தொடங்க வேண்டும். 8 முதல் மிகக் கடுமை. 11-ம் அதற்கு மேலும் அதி கடுமை. பிரிஸ்பேனில் குளிர்கால நண்பகலில்கூட இது 3-ஐத் தாண்டிவிடுகிறது. நமது சென்னையிலும் மதுரையிலும் வருஷத்தில் பல மாதங்கள் நண்பகலில் 11-ஐ எட்டிவிடும். கொடைக்கானலுக்குப் போனால் குளிருகிறதே என்று தொப்பியை மறந்துவிடுகிறோம். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் இக்கிரணங்கள் சுமார் பத்துச் சதவிகிதம் அதிகமாகின்றன. கொடைக்கானலோ இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. மெல்லிய மேகத்தை நம்பவும் கூடாது. தொண்ணூறு சதவிகிதம் அதன் வழியே இறங்கி வந்துவிடும்.

கைப்பேசி இல்லாதவருக்கு ஒரு சுலபமான கருவி உண்டு. அது அவரவர் நிழல். நிழல் நம்மைவிட நீளமாக இருந்தால் சூரியன் தாழ்வாக இருக்கிறான், பாதகம் குறைவு. நிழல் நம்மைவிடக் குட்டையாகிவிட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஒரு நாளில் விழும் புற ஊதாக் கிரணங்களில் அறுபது சதவிகிதம் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவிலேயே விழுகின்றன. இந்த நான்கு மணி நேரத்தை மதிய உணவுக்கும் தூக்கத்துக்கும் ஒதுக்கிவிட்டால் பாதிச் சண்டை முடிந்தது. நம் நாட்டுக் குடியானவர் விடியற்காலையில் ஏர் பூட்டி, வெயில் ஏறுவதற்கு முன் அவிழ்த்துவிட்டதில் எத்தனை விவேகம் இருந்தது! பத்து மணிக்குப் பள்ளிக்கூடம் என்று கடிகாரத்தைக் காட்டி நாம் அதைக் கெடுத்துக்கொண்டோம்.

உடுப்பு விஷயத்தில் பெரியவர் நம்மை நன்றாகப் பரீட்சை செய்தார். நாம் அணிந்திருந்த மெல்லிய வெள்ளைச் சட்டையை விளக்குக்கு நேரே பிடித்து, "இதோ, வெளிச்சம் தெரிகிறது பாருங்கள், இது சட்டையல்ல, சல்லடை" என்றார். துணிக்கும் இந்தக் காலத்தில் எண் போட்டிருக்கிறார்கள். 50 என்று எண் போட்ட துணி ஐம்பதில் ஒரு பங்குக் கிரணத்தையே உள்ளே விடும். மெல்லிய வெள்ளைப் பருத்திப் பனியனுக்கு அந்த எண் பெரும்பாலும் பத்தைக்கூட எட்டாது. நனைந்துவிட்டால் இன்னும் குறையும். நெருக்கமாக நெய்த, கனமான, ஆழ்ந்த நிறத் துணியே நல்லது. நெருங்கிய நெசவில் முரட்டுக் கதர் கிடைத்தால் அதற்கு மேல் என்ன வேண்டும் என்று நாம் சொன்னோம். கதர் என்றால் என்னவென்று அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் அக்கா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள்.

களிம்பைப் பற்றித்தான் ஜனங்களிடம் அளவுக்கு மீறிய நம்பிக்கை காண்கிறது. சன்ஸ்கிரீன் களிம்பு பயனுள்ளது என்பதில் சந்தேகமில்லை. பிரிஸ்பேனுக்கு வடக்கே நாம்பூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1992 முதல் 1996 வரையில் அடீல் கிரீன் என்னும் அம்மையாரின் தலைமையில் அங்கே 1,621 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு பாதியினருக்குத் தினமும் முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் களிம்பு பூசிக்கொள்ளும்படி விதி. மறு பாதியினர் தம் இஷ்டம் போல் செய்யலாம். தினம் பூசியவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் கட்டிகள் சுமார் நாற்பது சதவிகிதம் குறைந்தன. ஆராய்ச்சி முடிந்து பத்து வருஷம் கழித்துக் கணக்கெடுத்தபோது, ஒரு பக்கத்தில் மெலனோமா வந்தவர் 11 பேர், மறு பக்கத்தில் 22 பேர். ஒரு சின்ன ஊர்க்காரர்கள் பொறுமையாகக் களிம்பு பூசியதனால் உலகத்துக்குக் கிடைத்த அறிவு இது.

ஆனால் பூசுவதில் கஞ்சத்தனம் கூடாது. உடம்பு முழுவதற்கும் ஏழு தேக்கரண்டி வேண்டும். ஒவ்வொரு கைக்கும் ஒன்று, ஒவ்வொரு காலுக்கும் ஒன்று, மார்புப் பக்கம் ஒன்று, முதுகு ஒன்று, முகம் கழுத்து காதுகளுக்குச் சேர்த்து ஒன்று. வெளியே புறப்படுவதற்கு இருபது நிமிஷம் முன்னால் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் பூச வேண்டும். ஏழு தேக்கரண்டி என்பது 35 மில்லிலிட்டர். நம் ஊர்க் கடையில் விற்கும் 50 மில்லிலிட்டர்க் குழாய் ஒன்றரைத் தடவைக்குக்கூடக் காணாது! ஆசிரியர் சம்பளத்தில் இது நடக்கிற காரியமா? மேலும் 2025-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஆஸ்திரேலிய நுகர்வோர் சங்கமான சாய்ஸ் இருபது களிம்புகளைச் சோதித்ததில், பதினாறு களிம்புகள் டப்பாவின் மேல் போட்டிருந்த எண்ணை எட்டவில்லை என்று கண்டது. அதற்காகக் களிம்பே வேண்டாம் என்று எறிந்துவிடக் கூடாது. துணியால் மூடக்கூடியதை எல்லாம் துணியால் மூடிவிட்டு, மூட முடியாத முகத்துக்கும் காதுக்கும் புறங்கைக்கும் மாத்திரம் களிம்பைத் தாராளமாகச் செலவழிப்பதே விவேகம் என்பது நமது தீர்மானம். பெரியவரும் அதையே செய்கிறார்.

தொப்பியைப் பற்றிச் சொல்ல வந்தால், கிரிக்கெட் ரசிகர்கள் ரிச்சி பெனாடை மறந்திருக்கமாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் தலைவராக நம் நாட்டு மைதானங்களிலும் சுழற்பந்து வீசியவர். பிற்காலத்தில் தொலைக்காட்சியில் அவர் குரல் கேட்காத கோடை அந்த நாட்டில் இருந்ததில்லை. தாம் பெரிதும் போற்றிய கீத் மில்லர் தொப்பி அணியாமல் ஆடினார் என்பதற்காகத் தாமும் இளமையில் தொப்பி அணியாமல் ஆடியதாக அவர் சொன்னார். 2014-ஆம் வருஷம் நெற்றியிலும் உச்சந்தலையிலும் தோல் புற்றுக்குச் சிகிச்சை நடந்தது. இளைஞர்களே, தலையில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று வேண்டிக்கொண்டார். 2015 ஏப்ரலில் காலமானார். அவருக்குப் பின் வந்த தலைவர் மைக்கேல் கிளார்க்குக்கும் முகத்தில் பல முறை புற்று வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது.

தொப்பி என்றால் முன்னால் மட்டும் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பந்தாட்டத் தொப்பி போதாது. அது காதையும் பிடரியையும் வெயிலுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். சுற்றிலும் ஏழரை சென்டிமீட்டர் விளிம்பு வேண்டும். அல்லது பின்னால் துணி தொங்க வேண்டும்.

அக்காவின் பேத்தி படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் போனோம். இடைவேளை மணி அடித்தது. குழந்தைகள் வெள்ளமாக வெளியே ஓடினார்கள். ஒவ்வொரு தலையிலும் அகன்ற விளிம்புத் தொப்பி. ஒரு பையன் மட்டும் தாழ்வாரத்து நிழலில் உட்கார்ந்திருந்தான். தொப்பியை வீட்டில் மறந்துவிட்டானாம். தொப்பி இல்லையேல் விளையாட்டு இல்லை என்பது அங்கே விதி. 1981-ஆம் வருஷம் ஒரு கடற்பறவையைக் கார்ட்டூனாக வரைந்து, சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று தொலைக்காட்சியில் பாட வைத்தார்கள். அதில் தொடங்கிய பிரசாரம் இப்போது பள்ளிக்கூடத்து விதியாகவே வேரூன்றிவிட்டது.

அந்தப் பையனைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நமக்கு முகம் சிவந்தது. காரணத்தை இங்கே எழுதத்தான் வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் நமது சித்திர ஆசிரியர் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு ஓர் ஓலைத் தொப்பி அணிந்து வந்தார். மைதானத்தில் இருபது நிமிஷம் கிழக்கு நோக்கி நிற்க வேண்டும். மாணவர்கள் சிரித்தார்கள். கூட்டத்தில் ஆசிரியர் தொப்பியுடன் நிற்பது ஒழுங்குக்கு அழகல்ல என்று மேலிடத்தில் அபிப்பிராயப்பட்டார்கள். அதை அவரிடம் பக்குவமாகச் சொல்லும் பொறுப்பு நம்மிடம் வந்தது. நாம் பக்குவமாகவே சொன்னோம். "அப்படியா, சார்? சரி, சார்" என்று கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அந்தத் தொப்பியை நாம் பார்க்கவில்லை. இரண்டு வருஷத்தில் காதில் புண் வந்தது. அந்த இருபது நிமிஷங்களே புண்ணைக் கொண்டுவந்தன என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். நாற்பது ஐம்பது வருஷத்து வெயில் கூடிச் செய்யும் வேலை அது. அப்படி நம்மை நாமே சமாதானம் செய்துகொண்டு பார்த்தோம். பிரிஸ்பேனில் அந்தச் சமாதானம் பலிக்கவில்லை.

ஊருக்குக் கிளம்புமுன் பெரியவரிடம் இன்னும் சில விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டோம். மாதம் ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் நின்று உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பார்க்க வேண்டும். பிடரியையும் முதுகையும் மனைவியோ மக்களோ பார்க்க வேண்டும். ஆறாத புண், பொருக்குத் தட்டி உதிர்ந்து மறுபடி பொருக்குத் தட்டும் இடம், வடிவமோ நிறமோ மாறும் மச்சம், இவை தென்பட்டால் வைத்தியர் குறித்த தவணை வரையில் காத்திருக்கக் கூடாது. வெயிலை அடியோடு விலக்குகிறவர்களுக்கு வைட்டமின் டி குறையலாம்; ரத்தத்தைச் சோதித்து மாத்திரை வாங்கிக்கொண்டால் தீர்ந்தது, அதற்காக வெயில் காய வேண்டியதில்லை. டாக்ஸிசைக்ளின் போன்ற சில மருந்துகள் தோலை வெயிலுக்கு இளகச் செய்துவிடும். ஆகையால் எந்த மருந்தானாலும் வைத்தியரிடம் தம் பூர்வ கதையைச் சொல்லிவிட வேண்டும். நிகோடினமைடு என்னும் வைட்டமினைச் சிட்னியில் 386 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, மெலனோமா அல்லாத புதிய புற்றுகள் 23 சதவிகிதம் குறைந்ததாக 2015-இல் வெளியிட்டார்கள். நிறுத்தியதும் அந்தப் பயன் நின்றுவிட்டது. இது வைத்தியரைக் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம்.

கறுத்த தோலுள்ள நாமும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மவர்க்கு மெலனோமா அபூர்வம். ஆனால் வரும்போது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் வருகிறது. அதற்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லி 1981-இல் தமது 36-ஆவது வயதில் இறந்தது கால் விரலில் தோன்றிய மெலனோமாவினால்தான்.

அல்பினிஸம் உள்ளவர்களின் நிலை வேறு. ஆப்பிரிக்காவில் அவர்கள் படும் துன்பம் சொல்லத் தரமன்று. வாலிபத்திலேயே தோல் புற்றுக்குப் பலியாகிறவர்கள் பலர். அங்கே தான்ஸானியாவில், கிலிமஞ்சாரோ மலையடிவாரத்து மோஷி நகரில், அவர்களுக்கென்றே 'கிலிசன்' என்னும் களிம்பைத் தயாரித்து வழங்குகிறார்கள். நம் நாட்டிலும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அவர்களுக்குக் களிம்பு கிடைப்பது இருக்கட்டும். தொப்பி போட்டுக்கொள்ள அநுமதியாவது கிடைக்க வேண்டாமா?

திரும்பி வந்ததும், அக்கா வாங்கிக் கொடுத்த பிடரித் துணித் தொப்பியை எடுத்துக்கொண்டு சித்திர ஆசிரியர் வீட்டுக்குப் போனோம். பழைய விஷயத்தை நாம் ஆரம்பித்தபோது, "அதை விடுங்கள், சார். நீங்களா சொன்னீர்கள்?" என்றார்.

"நாம்தான் சொன்னோம்" என்றோம்.

சற்று நேரம் பேசாமல் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "காலை எத்தனை மணி வரைக்கும் என்கிறார் உங்கள் கிழவர்?" என்று கேட்டார்.

பெரியவர் 3 என்னும் எண்ணைக் கணக்காக வைத்திருக்கிறார். மெலனின் சிறிதுமில்லாத நமது நண்பருக்கு அது போதாது. எண் எதுவானாலும் அவர் உடம்பை மூடிக்கொண்டே போக வேண்டும் என்று அவருடைய வைத்தியரும் சொல்லிவிட்டார். ஆனால் போகலாம் என்றும் சொல்லிவிட்டார், அதுதான் விசேஷம். ஓவியருக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவருக்கு வேண்டிய நீண்ட நிழலும் பொன் வெளிச்சமும் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னுமே கிடைக்கின்றன. நண்பகல் வெயிலில் நிழலும் இல்லை, நிறமும் இல்லை. அதை வரைந்து என்ன ஆகப்போகிறது?

பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைக் கூட்டத்தை வேப்ப மரத்து நிழலுக்கு மாற்றிவிட்டோம். ஆசிரியர், மாணவர் யாரும் தொப்பி அணியலாம் என்று எழுதி மேலிடத்தில் கையெழுத்தும் வாங்கியாயிற்று. முதல் நாள் நாமும் ஒரு தொப்பி அணிந்துகொண்டு போய் நின்றோம். பையன்கள் நம்மைப் பார்த்து நன்றாகச் சிரித்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை காவிரிக்குக் குளிக்கப் போனபோது படித்துறையில் மூன்றுகால் தாங்கி நின்றது. பெரிய கறுப்புக் குடை ஒன்றை மூங்கிலில் கட்டி நட்டிருந்தார். தண்ணீரின் பளபளப்பு கீழிருந்து முகத்தில் அடிக்காதபடி ஆற்றுக்குப் பக்கவாட்டாக உட்கார்ந்திருந்தார். படி இறங்கும் ஒரு கிழவியின் முதுகை வரைந்துகொண்டிருந்தார். நாம் பேச்சுக் கொடுக்கவில்லை. குளித்துவிட்டுக் கரையேறியபோது அவர் எழுந்து நின்று படியில் விழுந்த தம் நிழலைக் கால் அடியால் அளந்துகொண்டிருந்தார். இன்னும் நிழல் அவரைவிட இரண்டடி நீளமாகவே இருந்தது. மறுபடி உட்கார்ந்து தூரிகையை எடுத்துக்கொண்டார்.